மதிப்பெண் பட்டியலில் இல்லாத பாடம்

(ஓவிய ஆசிரியர் நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பித்து மறைந்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. இந்த மேடையில் இதற்கு முன் சித்தன்னவாசலைப் பற்றியும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றியும் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். நான் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். அந்த ஆசிரியர் இருந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார். தேர்வு முடிவு வந்த மே மாதங்களில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் கலை வரலாறு கேட்கவில்லை. "சார், பையன் நல்லா வரையுறான். மார்க்குதான் வரலை. எங்கே சேர்க்கலாம்?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. கேட்க வேண்டியவர்கள் காதுக்கு அது உரிய காலத்தில் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. இரண்டும் பிள்ளையைக் கெடுக்கின்றன. முதல் பதில்: "முதல்ல ஏதாவது ஒரு டிகிரியை முடி, படம் வரையுறதைப் பொழுதுபோக்கா வெச்சுக்கோ." இதை நம்பிப் பிடிக்காத படிப்பில் சேர்ந்து, அங்கும் அரியர் வைத்து, மூன்றாண்டு கழித்து வரையும் கையும் இறுகிப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டாவது பதில் கேட்க இனிமையானது: "கலைஞனுக்கு மார்க் எதுக்கு? திறமை இருந்தா போதும்." இது முதல் பதிலைவிட ஆபத்தானது. இதை நம்பிய பிள்ளை பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தோற்று, தனக்கென்றே திறந்திருந்த கல்லூரி வாசலில் விண்ணப்பம் வாங்கக்கூடத் தகுதியில்லாமல் நிற்கிறது.

மதிப்பெண் பட்டியலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடம், 600 மதிப்பெண். ஒரு பிள்ளை ஆறு வயதிலிருந்து தரையிலும் சுவரிலும் நோட்டின் பின்னட்டையிலும் வரைந்து வரைந்து சேர்த்த திறமைக்கு இவற்றில் எங்கும் ஒரு கட்டம் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு நாம் குறைந்த மதிப்பெண் போடவில்லை, தேர்வே வைக்கவில்லை. தேர்வு வைக்காத பாடத்தில் ஒருவனைத் தோற்றவன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. மத்திய வாரியப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஓவியம் ஒரு தேர்வுப் பாடம். இலங்கையில் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் சித்திரத்தைப் பாடமாக எடுத்துப் பரீட்சை எழுதலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் சித்திரப் பெறுபேற்றை மற்றப் பாடங்களின் பெறுபேற்றோடு ஒரே தாளில் காட்ட முடியும். கேரளத்தில் பள்ளிக் கலோத்சவத்தில் ஏ கிரேடு பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் கருணை மதிப்பெண் உண்டு. நம் மாநிலத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று லோயர், ஹையர் இரு நிலைகளில் எழுதலாம். பல தலைமுறை ஓவிய ஆசிரியர்கள் அதன் வழியாகத்தான் வந்தார்கள். அந்தச் சான்றிதழைப் பள்ளி மதிப்பெண் பட்டியல் கண்டுகொள்வதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை குரூப் குரூப்பாகப் பிரிக்கிறோமே, அந்த நாளில் வரைபலகையைக் கையில் எடுத்து வரச்சொல்லும் தலைமையாசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் கல்லூரிகளின் கதை வேறு. கையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வதற்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனங்கள் இங்கே நூற்றெழுபது ஆண்டுகளாக இருக்கின்றன. சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், எழும்பூர் ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, செங்கல் சிவப்பில் நிற்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை நீங்கள் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். 1850இல் அதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர். சொந்த முயற்சியில் தொடங்கினார். இரண்டே ஆண்டில், 1852இல், அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஓவியர்களை உருவாக்குவது மட்டும் அதன் நோக்கமாக இருக்கவில்லை. மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை, நெசவு வடிவம் என்று கைத்தொழில்கள் எல்லாம் அங்கே இருந்தன. 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அந்த வளாகத்தில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். இன்று நம் வீட்டு அடுக்களைகளில் இருக்கும் அலுமினியச் சட்டிக்கும் அந்தக் கலைப்பள்ளிக்கும் தொடர்பு உண்டு. கையால் செய்து காட்டத் தெரிந்தவனுக்கான பள்ளி அது. படிப்பில் முதல் வரிசைக்காரனைத் தேடி அது தொடங்கப்படவில்லை.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைக்கு வந்தார். மெரினா கடற்கரையில் பாறையைப் புரட்டும் நான்கு தொழிலாளர்கள் இருக்கிறார்களே, அந்த உழைப்பாளர் சிலையை வடித்தவர். அவருக்குப் பின் 1957இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கரைப் பற்றி இங்கே வந்திருக்கும் பெற்றோர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தந்தையை இழந்த குடும்பத்தைத் தாங்குவதற்காகப் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனவர் அவர். பிறகு காப்பீட்டு முகவராகவும் இருந்தார். 1936இல் இந்தக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. "அவன் வயசுப் பசங்க எல்லாம் செட்டில் ஆயிட்டாங்க" என்று யாரோ அவரிடமும் சொல்லியிருக்கக்கூடும். இருபத்தைந்தில் மாணவராக நுழைந்தவர், பின்னாளில் அதே நிறுவனத்தின் முதல்வராகி, தென்னிந்திய நவீன ஓவியத்தின் போக்கையே மாற்றினார். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பதினைந்து நாளுக்குள் வாழ்க்கை முடிவாகிவிட வேண்டும் என்று துடிக்கும் வீடுகளில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பணிக்கர் காலத்தில் அங்கே படித்தவர்கள் எங்கிருந்தெல்லாம் வந்தார்கள் என்று பாருங்கள். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம் கிராமத்திலிருந்து வந்தார். காந்தி நூற்றாண்டில் அவர் வரைந்த கோட்டோவியங்களும், தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதித் தந்த எழுத்துருக்களும் நம் கண்ணையே மாற்றியவை. கோவைக்கு அருகே காசிகவுண்டன்புதூரிலிருந்து வந்த ஒரு கிராமத்துப் பையன் ஆறாண்டு அங்கே ஓவியம் பயின்று, ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் தெருக்களையும் வரைந்தார். அவரை நீங்கள் நடிகர் சிவகுமார் என்று அறிவீர்கள். 1965இல் திரைக்கு வருவதற்கு முன் அவர் முழுநேர ஓவிய மாணவர். இவர்களை உள்ளே அழைத்தது பள்ளிச் சான்றிதழில் இருந்த எண் அன்று, உடன் எடுத்துச்சென்ற படங்கள்.

இன்றைக்கும் அந்த வாசல் அடைபடவில்லை. சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் நான்காண்டு இளங்கவின்கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. வண்ணக்கலை, சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, சுடுமண் வடிவமைப்பு, பதிப்போவியம் என்று பிரிவுகள். சேர்வதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அதற்குமேல் தீர்மானிப்பது செய்முறை நுழைவுத் தேர்வு. கும்பகோணத்தில் இன்னொரு அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னை வாடகையை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் கல், சுதை, உலோகம், மரம், மரபு ஓவியம், கோயில் கட்டடக்கலை ஆகியவற்றைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம். குமரிமுனையில் 133 அடிக்கு நிற்கும் வள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரிக்கு நெடுங்காலம் முதல்வராக இருந்தவர். ஸ்தபதி குடும்பத்தில் பிறந்தவர்கள் மட்டுமே கற்ற கலை, எந்த வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பித்துக் கற்கும் கலையாக அங்கே ஆனது. இந்த மாற்றத்தின் பெருமையை நாம் போதிய அளவு சொல்வதில்லை. புதுச்சேரியில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் என்று தமிழகத்தில் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது.

இசைப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் போன்றவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி போதும். நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். இதை விடச் சிறிய வாசற்படி நாட்டில் எந்தக் கல்விக்கூடத்துக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். நுழைவுத் தேர்வுகளுக்கு எதிராக நெடுங்காலம் வாதாடிய மாநிலம் நம்முடையது. தொழிற்கல்விச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கினோம். பணம் கட்டிப் பயிற்சி பெற்ற நகரத்துப் பிள்ளை முந்திவிடுகிறான், கிராமத்துப் பிள்ளை பின்தங்கிவிடுகிறான் என்பது நம் வாதம். அந்த வாதத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். பிறகு எப்படிக் கவின்கலைக்கு மட்டும் நுழைவுத் தேர்வு நல்லது என்று பேசலாம்?

இயற்பியலையும் கணக்கையும் பள்ளி கற்றுக்கொடுத்து, தேர்வும் வைத்துவிட்டது. அதற்குமேல் இன்னொரு தேர்வு வைப்பது, பள்ளியின் வேலையைத் தனியார் பயிற்சி மையத்திடம் ஒப்படைப்பதாகும். ஓவியத்தில் பள்ளித் தேர்வே இல்லை. ஆகவே வரையத் தெரிந்தவனை அறிந்துகொள்ளக் கல்லூரிக்கு வேறு வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கவின்கலைக் கல்லூரியில் சேர்த்தால், தூரிகை பிடித்தே பார்க்காத பிள்ளைகள் வண்ணக்கலை வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் செய்முறைத் தேர்வு வேண்டும். ஆனால் நாம் எதை அஞ்சி நுழைவுத் தேர்வை எதிர்த்தோமோ அந்த ஆபத்து இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது. பெருநகரங்களில் வடிவமைப்புக் கல்லூரிகளுக்கான பயிற்சி மையங்கள் பெருகிவிட்டன. பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லாத கிராமத்துப் பிள்ளையும், இரண்டாண்டு மையத்தில் பயின்ற நகரத்துப் பிள்ளையும் ஒரே மாதிரிப் பொருளைப் பார்த்து ஒரே நேரத்தில் வரைகிறார்கள். அதைச் சமமான போட்டி என்று என்னால் சொல்ல முடியாது. செய்முறைத் தேர்வை நீக்குவது இதற்கு மருந்தாகாது. அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியரை உட்காரவைப்பதுதான் மருந்து. அந்த விஷயத்தைப் பிறகு பேசுகிறேன்.

இப்போது பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம் பேசுகிறேன். இந்தத் தேர்வுகள் எதைத் தேடுகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் நாள் எடுத்துக் காட்டுவது ஒரு நடிகரின் முகம். செல்போனில் இருக்கும் புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பென்சிலில் இழைத்து இழைத்து வரைந்திருப்பார்கள். அதில் பொறுமை தெரியும், உழைப்பு தெரியும், பார்க்கும் கண் தெரியாது. கேமரா ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்துவிட்ட உருவத்தை நீங்கள் மறுபடி எழுதியிருக்கிறீர்கள். தேர்வு அறையில் உங்கள் எதிரே ஒரு குடமும், மடித்துப் போட்ட துணியும், இரண்டு பழமும் இருந்தால், குடத்தின் வாய் எந்த அளவுக்கு நீள்வட்டமாகத் தெரிகிறது, துணி மேசை விளிம்பில் எங்கே உடைகிறது, பழத்தின் நிழல் துணியில் எந்தப் பக்கம் விழுகிறது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். போனில் நூறு முகம் இழைத்தவனுக்கு அது வராது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நூறு செருப்பை வரைந்தவனுக்கு வரும்.

ஆகவே பொருளைப் பார்த்து வரையுங்கள். தினமும் வரையுங்கள். அம்மா கீரை ஆயும்போது அவர் கையை வரையுங்கள். கை வரையத் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, பேருந்து வருவதற்குள் எழுந்து போய்விடக்கூடிய மனிதர்களை இரண்டே நிமிடத்தில் பிடித்துப் பழகுங்கள். அழகாக வராது. வரவும் வேண்டாம். உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது வந்துவிட்டால் போதும். மாலையில் வீட்டுக்கு வந்து, காலையில் பார்த்த சந்தையைப் பார்க்காமல் வரையுங்கள். நினைவிலிருந்து வரைவது தனித் திறமை, அதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். பெரிய தாளில் வரையுங்கள். நோட்டுத்தாள் அளவிலேயே பழகிய கை, முழுத் தாளைக் கொடுத்ததும் நடுவில் ஒரு சின்னப் படத்தைப் போட்டுவிட்டுச் சுற்றிலும் வெறுமையை விட்டுவிடும். தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நேரம் வைத்தும் வரையுங்கள். மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டியதை மூன்று நாள் இழைத்தே பழகிய பிள்ளைகள் தேர்வு அறையில் பாதிப் படத்தோடு எழுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களில் பலர் உள்ளே போனவர்களை விடத் திறமையானவர்கள்.

படத் தொகுப்பு கேட்கும் இடங்களுக்கு நல்ல படங்களை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒரு படத்துக்கு முன் போட்ட ஐந்து முயற்சிகளையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் ஒருவர் அந்த ஐந்தைப் பார்த்தால் உங்களை நான்காண்டு கற்பிக்க முடியுமா என்று தெரிந்துகொள்வார். உங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தட்டி எழுதியிருந்தால், தங்கைக்குக் களிமண்ணில் கொலு பொம்மை செய்திருந்தால், பள்ளி நாடகத்துக்குத் திரை கட்டியிருந்தால், அவற்றைப் புகைப்படம் எடுத்துச் சேருங்கள். கோலம் போடும் பெண் பிள்ளைகள் அதை ஒருபோதும் காட்டுவதில்லை. புள்ளியைக் கணக்கிட்டு ஒரே இழையில் சிக்குக்கோலம் முடிப்பவளின் வடிவ அறிவு எந்தத் துணி வடிவமைப்புத் துறைக்கும் தேவையானது. வாசலில் தினமும் போட்டு அழித்ததால் அது கலையில்லை என்று நீங்களே நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். மிகுதியாக வேண்டாம், ஆனால் தேர்ச்சி வேண்டும். ஒரு பாடத்துக்கு 35. எல்லாப் பாடத்திலும் 35. இந்த எண்ணை ஒரு கலை மாணவன் இகழக் கூடாது. பதினோராம் வகுப்பிலிருந்தே எந்தப் பாடம் காலை வாரும் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கணக்கு, சிலருக்கு ஆங்கிலம். அந்த ஒரு பாடத்துக்குத் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குவது உங்கள் ஓவியத்துக்காக நீங்கள் செய்யும் வேலைதான். தவறிப்போனாலும் ஆண்டு வீணாக வேண்டியதில்லை. ஜூன், ஜூலை வாக்கில் துணைத் தேர்வு நடக்கிறது. தோல்வி என்றதும் அறையைப் பூட்டிக்கொள்ளும் வீடுகளில், அந்தத் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாளே கடந்துபோய்விடுகிறது. பெற்றோர்கள் அழுவதற்கு முன் அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நன்றாக வரையும் பிள்ளை படிப்பில் மட்டும் தடுமாறினால், எழுத்துகள் இடம்மாறித் தெரிந்தால், பேசச் சொன்னால் விளக்கிவிட்டு எழுதச் சொன்னால் திணறினால், அது சோம்பலாக இருக்க வேண்டியதில்லை. டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். முறையாகச் சோதித்து மருத்துவச் சான்று பெற்றால் கூடுதல் நேரம், எழுதித் தர ஒரு துணையாளர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று பொதுத்தேர்வில் சலுகைகள் உண்டு. நன்றாக வரைபவர்கள் எல்லோருக்கும் இந்தக் குறை இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இருந்தும் கண்டறியப்படாமல் பன்னிரண்டு ஆண்டு "முட்டாள்" என்று அழைக்கப்பட்ட பிள்ளைக்குச் செய்யப்படும் அநியாயத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த அநியாயத்தைத் தடுக்க ஆசிரியருக்கு ஒரு நாள் கவனம் போதும்.

அகில இந்திய அளவில் இருக்கும் வாசல்களையும் சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் தேர்ச்சி பெற்றவர்களைத் தன் நுழைவுத் தேர்வுக்கு அனுமதிக்கிறது. ஐ.ஐ.டி. என்றால் கணக்குப் புலிகளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐ.ஐ.டி.களில் வடிவமைப்பு இளநிலைப் பட்டம் இருக்கிறது. யூசீட் என்ற தேர்வு வழியாக அதற்குக் கலைப்பிரிவு, வணிகப்பிரிவு மாணவர்களும் போகலாம். சென்னை தரமணியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் இருக்கிறது. இவற்றில் எல்லாம் இரண்டு தடைகள். ஒன்று கட்டணம், சில இடங்களில் பல லட்சம் ஆகும். மற்றது மொழி. இந்தத் தேர்வுகளைத் தமிழில் எழுத வழியில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுத முடிகிற நாட்டில், ஒரு நாற்காலியை வடிவமைக்கச் சொல்லும் வினாவைத் தமிழில் கேட்க முடியாதா? இதற்காகக் குரல் கொடுக்க நம் மக்கள் பிரதிநிதிகளில் ஒருவராவது முன்வர வேண்டும். கட்டடக்கலையை விரும்பும் பிள்ளைகள் ஒன்றை முன்பே அறிந்துகொள்ளுங்கள்: பி.ஆர்க் படிப்புக்கு நாட்டா தேர்வில் வரைதல் இருந்தாலும், பள்ளியில் கணக்கு எடுத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு எடுக்க வேண்டிய முடிவு அது. பன்னிரண்டு முடித்த பிறகு மாற்ற முடியாது.

"சேர்ந்துவிட்டான், சரி. சோறு போடுமா?" இது அப்பாக்களின் கேள்வி. அதை நான் இழிவாக நினைக்கவில்லை. கலை மட்டும் செய்து வாழ்வது கடினம் என்பதைப் பணிக்கரே அறிந்திருந்தார். 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, மெழுகுச் சாயத் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி தேடினார்கள். காலையில் கைவினை, மற்ற நேரத்தில் தங்கள் ஓவியம். அவர்களில் பலர் இந்திய ஓவிய வரலாற்றில் இடம்பெற்றார்கள். அந்தப் பாடம் இன்றும் பொருந்தும். கவின்கலை படித்தவர்கள் இன்று திருப்பூர், கரூர் துணி ஆலைகளில் வடிவமைப்பாளர்களாக இருக்கிறார்கள். திரைப்படக் கலை இயக்கத்தில், அனிமேஷனில், செல்போன் செயலிகளின் திரை வடிவமைப்பில், புத்தக அட்டையில், நகை வடிவமைப்பில் வேலை செய்கிறார்கள். மாத வருமானம் ஒரே சீராக வராது, முதல் ஐந்தாண்டு இறுக்கமாகவே இருக்கும். இதை மறைத்து யாரையும் கலைக்கல்லூரிக்கு அனுப்பக் கூடாது. ஆனால் பிடிக்காத பட்டம் வாங்கி வேலையில்லாமல் இருப்பவனைவிட, பிடித்த தொழிலைக் கையில் வைத்திருப்பவன் மோசமான நிலையில் இல்லை என்பதை அப்பாக்கள் தங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "சிற்பமா? கல்லுடைக்கிற வேலையா பொண்ணுக்கு?" என்று கேட்கிறார்கள், செலவையும் காரணமாகச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024இல் வந்தது. அந்த ஆயிரம் ரூபாய் ஒரு மாதத்துக்குத் தாளும் வண்ணமும் வாங்கப் போதும். பணத்தைக் காரணம் காட்டி மறுப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி, முன்பு தள்ளிவைத்த ஓவிய ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பின்னர் படிப்படியாக உயர்ந்தது. ஆண்டுக்கணக்காக அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அது ஏதோ ஒரு சங்கத்தின் ஊதியக் கோரிக்கை என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். நன்றாக வரையும் ஏழைப் பிள்ளைக்கு இந்த நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே பயிற்சியாளர் அந்த ஆசிரியர்தான். வாரத்தில் சில அரை நாள் மட்டும் வந்துபோகும் ஒருவர் எத்தனை பிள்ளைகளின் கையைக் கவனிக்க முடியும்? ஓவிய ஆசிரியர் இருக்கும் பள்ளிகளிலும், ஒன்பதாம் வகுப்பு தாண்டியதும் ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். தலைமையாசிரியரும் தேர்ச்சி விழுக்காட்டை நினைத்துக் கொடுத்துவிடுகிறார். அப்படிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு வகுப்பும், அந்த வகுப்பறையில் இருக்கும் ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கலையரசன், கலையரசி என்று பட்டம் தருகிறார்கள். மிக நல்ல முயற்சி, மனதாரப் பாராட்டுகிறேன். மாநில அளவில் ஓவியத்தில், களிமண் வேலையில் பரிசு பெற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில் சில இடங்களை ஒதுக்கினால், அந்தத் திருவிழா ஒரு நாள் மகிழ்ச்சியாக முடியாமல் நான்காண்டுப் படிப்பாக மாறும். விளையாட்டு வீரர்களுக்குச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு தருகிறோம். கலைப் பரிசு பெற்றவர்களுக்குக் கலைக் கல்லூரியில் தருவதற்குத் தடை என்ன? இந்த அறக்கட்டளை இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்றும் இருக்கிறது. சேர்க்கை அறிவிப்புகள் கோடைக் காலத்தில் வருகின்றன. செய்தித்தாளின் உள்பக்கத்தில் சிறிதாக வரும், கல்லூரி வாசலில் ஒட்டியிருக்கும். பள்ளிகள் மூடியிருக்கும் நேரம் அது. கிராமத்துப் பிள்ளைக்குச் செய்தி போய்ச் சேரும்போது கடைசித் தேதி போயிருக்கும். இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும், தங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வரையத் தெரிந்த பிள்ளைகளின் பெயரையும் பெற்றோர் தொலைபேசி எண்ணையும் இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் தொடங்கியதும் சென்னை, கும்பகோணம், மாமல்லபுரம், புதுச்சேரி நான்கு இடத்துக்கும் தொலைபேசியில் கேளுங்கள். அறிவிப்பு வந்த அன்றே அந்தப் பெற்றோர்களை அழைத்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை உடன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். இந்த அறக்கட்டளையின் பெயருக்கு உரியவர் தம் பணிக்காலம் முழுவதும் செய்தது இந்த வேலையைத்தான். அவருக்குப் பிறகு அந்தப் பள்ளியில் அதைச் செய்ய ஆள் இல்லை. அந்த இடத்துக்கு நீங்கள் வாருங்கள்.